பாலோத்ரா: லூனி ஆற்றங்கரையில் ஒரு துணி ஊர்

ஜோத்பூரிலிருந்து பார்மேர் போகும் ரயிலில் நூறு கிலோமீட்டர் தாண்டினால் பாலோத்ரா. தார் பாலைவனம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக ஜெய்சல்மேருக்குப் போய்விடுவார்கள். எனக்கு லூனி ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆரவல்லி மலையில் அஜ்மீர் பக்கம் பிறந்து, கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் ஓடி, கடைசியில் கட்ச் ரண் என்ற உப்புச் சதுப்பில் கரைந்துபோகிற ஆறு. பாலோத்ரா வரைக்கும் நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு என்பது பழைய கணக்கு.

ஆற்றில் தண்ணீர் இல்லை, அகலமான மணல்தான். மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம் வரும், அவ்வளவுதான். பக்கத்துத் தில்வாடாவில் பங்குனி, சித்திரை வாக்கில் இந்தப் படுகையிலேயே மல்லிநாதர் என்ற உள்ளூர் மகானின் பெயரில் கால்நடைச் சந்தை கூடுகிறது. மாடு, குதிரை, ஒட்டகம் எல்லாம் விலைக்கு வரும். முன்பெல்லாம் சந்தைக்கு வருகிறவர்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறிவந்த தண்ணீரைக் குடித்தார்கள் என்று டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்.

இன்று ஊருக்குச் சோறு போடுவது துணி. வெளியூர்த் தறிகளில் நெய்த காடாத் துணி லாரி லாரியாக வந்து இறங்குகிறது. அதை வெளுத்து, சாயம் ஏற்றி, பாப்ளினாக அனுப்புகிறார்கள். உள்பாவாடைத் துணி, நைட்டித் துணி எல்லாம் இங்கிருந்து நாடு முழுக்கப் போகிறது. ஒரு பட்டறைக்குள் போய்ப் பார்த்தேன். காஸ்டிக் சோடா நெடி கண்ணைக் கரித்தது. தொட்டியிலிருந்து துணியை இழுத்துக்கொண்டிருந்தவரின் கை முழங்கை வரை கருநீலம், நகக்கண்ணில் மட்டும் சிவப்பு, முந்தைய நாள் சாயமாக இருக்கும். வெளியே வெட்டவெளியில் நீள நீளமாகத் துணி காய்ந்துகொண்டிருந்தது. இந்த வெயில் இருக்கும்போது உலர்த்தும் இயந்திரம் எதற்கு என்று அங்கே ஒருவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. வெளுக்கவும் அலசவும் ஏராளமான தண்ணீர் வேண்டும். அது வெளியே வரும்போது காஸ்டிக், சாயம், உப்பு எல்லாம் சேர்ந்து வருகிறது. பாலோத்ரா, பித்தூஜா, ஜசோல் மூன்று இடத்திலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. ஆனாலும் கழிவு ஆற்றில் இறங்குகிறது என்ற புகார் ஓயவில்லை. எப்போதும் தண்ணீர் ஓடுகிற ஆறாக இருந்தால் கொஞ்சமாவது நீர்த்துப்போகும். வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கிற ஆற்றில் விட்டால், அந்தக் கழிவுதான் ஆறு. மணல் வழியே இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். அப்புறம் மழை வந்தால் படுகையில் தேங்கியிருந்ததை எல்லாம் வெள்ளம் வாரிக்கொண்டு போய்க் கீழே இருக்கிற வயல்களில் கொட்டும். மழையை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டிய பாலைவனத்து விவசாயி பயப்படுகிறார். இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

லூனியில் சேரும் துணையாறுகளில் ஜோஜ்ரி ஒன்றுதான் ஆரவல்லியிலிருந்து வராதது. ஜோத்பூரின் சாக்கடையும், சாயப்பட்டறை, ஸ்டீல் ஆலைகளின் கழிவும் அதில்தான் வருகின்றன. டோலி, அராபா கிராமங்கள் பக்கம் அது பரவி நிற்கிறது. அங்கே வரப்பில் நின்று பார்த்தேன். கம்பு விளைந்த மண்ணில் வெள்ளையாக உப்புப் பொருக்கு, மிதித்தால் நொறுங்குகிறது. எந்த வறட்சியையும் தாங்குகிற கேஜ்ரி மரம் நின்ற இடத்திலேயே பட்டுப்போயிருக்கிறது. 2025-இல் உச்ச நீதிமன்றம் ஜோஜ்ரி விஷயத்தைத் தானாக முன்வந்து கையில் எடுத்தது.

நொய்யலை அறிந்த நமக்கு இது புதிதில்லை. திருப்பூரில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பை எல்லோரும் உண்மையாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குச் செலவு அதிகம், மிஞ்சுகிற உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தலைவலி. ஆனால் செய்ய முடிகிறது. ஆறே இல்லாத மாதங்களில் ஆற்றை நம்பிக் கழிவை விடுகிற ஊருக்கு அதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் பச்பத்ரா. அங்கே கார்வால் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக உப்பு எடுக்கிறார்கள். குழி தோண்டினால் ஊறுகிற உவர்நீரில் மோர்லி என்ற முள்செடிக் கிளைகளைப் போட்டு வைப்பார்கள். உப்பு அதில் படிகமாகப் பிடிக்கும். அதே பச்பத்ராவில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் கொள்ளளவுள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை எழுப்பியிருக்கிறார்கள். நிலத்தின் விலை ஏறியிருக்கிறது, புதிது புதிதாக லாட்ஜ்கள்.

டோலியில் ஒரு விவசாயியிடம் பட்டறைகளை மூடிவிட வேண்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். அவருடைய பையனே சாயப்பட்டறையில்தான் வேலை பார்க்கிறான். மூட வேண்டாம், கழிவை ராத்திரியில் திறந்துவிடுகிறார்கள், அந்த நேரத்தில் அதிகாரிகள் வந்து பார்க்கட்டும், அது போதும் என்றார்.