மறுகட்டமைப்பின் நடுவில் இரண்டாவது வட்டும்

நான்கு வன்வட்டுகள் கொண்ட ரெய்டு 5 தொகுப்பில் (தரவைப் பல வட்டுகளில் பகிர்ந்து வைத்து, ஒரு வட்டு போனாலும் தாங்கும் அமைப்பு) ஒன்று செயலிழந்தது. புதியதைப் பொருத்தி, போன வட்டின் தரவை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு அதில் எழுதும் மறுகட்டமைப்பைத் தொடங்கினோம். பாதி வழியில் இன்னொன்றும் வெளியேறிவிட்டது. கெட்ட நேரம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுகட்டமைப்பின்போது மிச்சமுள்ள வட்டுகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். நெடுங்காலம் யாரும் தொடாத பழுதான செக்டார் (வட்டின் சிறு பகுதி) அப்போதுதான் தலைகாட்டும். அதிலும் இவை ஒரே நாளில் வாங்கி, சேர்ந்தே தேய்ந்தவை.

இந்த நேரத்தில் திரையில் தெரியும் 'இனிஷியலைஸ்' பொத்தானைப் போல ஆபத்தானது வேறில்லை. அது தொகுப்பைப் புதிதாகத் தொடங்கி, பழைய தரவை அழித்துவிடக்கூடும். "அழுத்திப் பார்க்கலாமே" என்று ஒருவர் கையை நீட்டினார். நல்லவேளை, இன்னொருவர் தடுத்துவிட்டார். மின்சாரத்தை நிறுத்தி, எந்த வட்டு எந்தத் துளையில் இருந்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டினோம். பிறகு டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருள் கொண்டு செக்டார் செக்டாராகப் பிரதி எடுத்து, பிரதிகளில் மட்டுமே கைவைத்தோம். டக் டக்கென்று சத்தம் வந்திருந்தால் அதையும் செய்திருக்கக் கூடாது. நேராக மீட்பு ஆய்வகம்தான்.

இரண்டாவது வட்டு உண்மையில் சாகவில்லை. சில செக்டார்களில் திணறியதால், தொகுப்பை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி அதை ஒதுக்கியிருந்தது. அதன் பிரதியைச் சேர்த்ததும் தொகுப்பு எழுந்தது. முதலில் போன வட்டைத் தொடவில்லை. அதில் இருந்தது பழைய தரவு. அதைக் கலந்திருந்தால் கோப்பு முறைமையே குழம்பியிருக்கும்.

சில தரவுத்தளக் கோப்புகள் மட்டும் திறக்கவில்லை. புதிய தொகுப்பு ரெய்டு 6; இரண்டு வட்டுகள் போனாலும் தாங்கும். காப்புப்பிரதி இப்போது தனிக் கணினிக்குப் போகிறது.