ஆல்பமும் வரவில்லை, பணமும் வரவில்லை: நுகர்வோர் ஆணையம் வரை போன அனுபவம்

பிடிஎஸ் என்ற கொரிய இசைக்குழுவின் ரசிகர்கள் ஆல்பத்துக்கு ஏன் முன்கூட்டியே பணம் கட்டுகிறார்கள் என்று பலருக்கும் புரிவதில்லை. கொரியாவில் ஆல்பம் விற்பனையைக் கணக்கிடும் ஹான்டியோ சார்ட்டில் முதல் வார விற்பனைக்குத் தனி மதிப்பு உண்டு. அந்தக் கணக்கில் நம் பிரதியும் சேர வேண்டும் என்பது பெரிய ஆசை. இப்படி முன்பதிவு (ப்ரீ-ஆர்டர்) செய்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் போட்டோகார்டும், அதாவது பாடகர் படம் போட்ட சின்ன அட்டையும் இருக்கிறது. தனியாக வரவழைத்தால் கூரியர் செலவும் சுங்க வரியும் கட்டுப்படியாகாது. அதனால் இந்தியாவிலேயே ஒரு ஆன்லைன் கடையில் சேர்ந்து ஆர்டர் போட்டோம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மதுரை, திருநெல்வேலி, கோவை என்று பல ஊர்க்காரர்கள் பணம் கட்டியிருந்தோம். ஆல்பம், கச்சேரியில் ரசிகர்கள் ஏந்தும் விளக்கான லைட்ஸ்டிக் எதுவும் வரவில்லை.

"கஸ்டம்ஸில் நிற்கிறது" என்றார்கள். அப்புறம் "அடுத்த ஷிப்மென்ட்டில் வரும்" என்றார்கள். டிராக்கிங் எண் கேட்டால் பதில் இல்லை. அதைவிட வலித்தது எங்களுக்குள்ளேயே எழுந்த கேள்வி: "ஆர்மியாக (பிடிஎஸ் ரசிகராக) இருந்துகொண்டு இன்னொரு ஆர்மியின் கடை மேலேயே புகார் கொடுப்பதா?" கடை நடத்துபவரும் ரசிகர்தான். ஆனால் பணம் வாங்கிய பிறகு அவர் விற்பவர், நாங்கள் வாங்கியவர்கள். மற்ற எல்லா வேலைகளையும்விட, இதைக் குழுவில் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலில் ஆதாரம் சேர்த்தோம். பில், பணம் போனதற்கான எண், கடைக்காரருடன் பேசிய சாட், எல்லாவற்றுக்கும் மேலாக "இந்தத் தேதிக்குள் அனுப்புவோம்" என்று கடை போட்டிருந்த பதிவின் ஸ்கிரீன்ஷாட். கொஞ்ச நாளில் அந்தப் பதிவை நீக்கிவிட்டார்கள்.

கார்டில் பணம் கட்டியவர்களுக்கு வழி சுலபம். பொருள் வரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று வங்கியில் முறையிட்டார்கள் (டிஸ்ப்யூட் என்பார்கள்). விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் கெடு. ப்ரீ-ஆர்டர் என்றால், பொருள் வருவதாகச் சொன்ன தேதியிலிருந்து கணக்கிடச் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கேதான் அந்த ஸ்கிரீன்ஷாட் உதவியது. என்னைப் போல யுபிஐயில் அனுப்பியவர்களுக்கு, பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துவிட்டது என்று மட்டும் வங்கி பதில் சொன்னது.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் கடையின் குறைதீர் அதிகாரி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நாங்கள் விதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் வரவில்லை என்றாலும், கேட்டோம் என்பதற்கு அது சாட்சி. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தோம். தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைக் கடைக்கு அனுப்பி சமரசம் செய்து வைக்கப் பார்ப்பார்கள். உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கடை அதையும் கண்டுகொள்ளவில்லை.

மிச்சம் இருந்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் மனுவையும் பிரமாண வாக்குமூலத்தையும் பதிவேற்றினோம். கடையின் தளத்தில் முகவரி இல்லாததால் திணறினோம். பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் தேடியபோது பதிவு செய்த பெயரும் முகவரியும் கிடைத்தன. முகவரி இல்லாமல் நோட்டீஸ் எப்படிப் போகும்?

எங்கள் குழுவில் பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்காகப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் புகார் கொடுக்க முடியும். பாட்டுக்காரர்களின் படத்துக்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் திட்டு விழும் என்பதற்காகவே எத்தனையோ பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். இந்த மௌனத்தை நம்பித்தான் இப்படிப்பட்ட கடைகள் நாளைக் கடத்துகின்றன என்பது என் எண்ணம். திருநெல்வேலித் தங்கை ஒருத்திக்காக அவள் அம்மாவிடம் நானே போனில் பேசினேன். "உங்கள் பொண்ணு சேர்த்து வைத்த காசும்மா, அதைக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கு" என்றேன். அவர் யோசித்துவிட்டு, மனுவில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்தால் எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள் கேட்கலாம். பதிலுக்கு முன்பே கடையிலிருந்து போன் வந்தது. பணத்துக்குப் பதிலாகக் கூப்பன் தருகிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மறுத்துவிட்டோம். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் எங்களில் சிலர் வழக்கை முடித்துக்கொண்டார்கள். எனக்கும் முழுத்தொகை வந்துவிட்டது. அந்தத் தங்கையின் வழக்கு இன்னும் நடக்கிறது. மன உளைச்சலுக்கான இழப்பீடும் வேண்டும் என்று அவள் அம்மா உறுதியாக இருக்கிறார்.

புகார் கொடுக்காதவர்களுக்குக் கடை இதுவரை ஒரு ரூபாய்கூடத் திருப்பவில்லை. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இன்னும் தயங்குகிறவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கும் வேலையை நாங்களே எடுத்துச் செய்துகொண்டிருக்கிறோம். பில்லும் சாட்டும் கையில் இருந்தால் போதும்.