பத்தொன்பது என்று எழுதிவிட்டார்கள்

2003 அக்டோபர். எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா முடிந்த இரண்டாம் நாள் இரவு, காவல் நிலையத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் “வயசு என்னலே?” என்றார். “பதினேழு இருக்கும் ஐயா” என்றேன். எங்கள் வீட்டில் பிறந்தநாள் எல்லாம் கொண்டாடியதில்லை, அதனால் ‘இருக்கும்’ என்றுதான் சொல்ல வந்தது. பக்கத்தில் நின்றவர் என் மேலுதட்டைப் பார்த்தார். “மீசை வந்துட்டு. பத்தொன்பது போடும்வே” என்றார். போட்டார்கள்.

எஃப்.ஐ.ஆரில் பத்தொன்பது. ரிமாண்ட் ரிப்போர்ட்டில் பத்தொன்பது. குற்றப்பத்திரிகையிலும் தீர்ப்பிலும் அதேதான். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினார்.

கொடையில் நடந்த சண்டையில் ஒருவர் இறந்துபோனார். அடித்தவர்களில் நானும் ஒருவன். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு மனசில்லை. எனக்கு நடந்தது அநியாயம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அவருடைய அம்மா ஞாபகத்துக்கு வருவார். கோர்ட் வராண்டாவில் ஒரு மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். எங்களைத் திட்டக்கூட இல்லை.

அந்த நேரத்தில் சட்டம் எப்படி இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். 1986-ம் வருடச் சட்டப்படி பையன் என்றால் பதினாறு வயதுக்குள் இருக்க வேண்டும். 2000-ல் வந்த சிறார் நீதிச் சட்டம் அதைப் பதினெட்டு ஆக்கியது, 2001 ஏப்ரல் 1 முதல் அமலுக்கும் வந்துவிட்டது. பதினெட்டு நிரம்பாதவன் எந்தக் குற்றம் செய்திருந்தாலும் சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். அதிகபட்சம் மூன்று வருடம், அதுவும் சிறையில் இல்லை, சிறப்பு இல்லத்தில். எனக்காக வாதாடிய வக்கீல் இதை எழுப்பவில்லை. 2005-ல் தண்டனைக்கு முன்னால் “ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று நீதிபதி கேட்டார். “அம்மா தனியா இருக்கா” என்றேன். ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் போட்ட அப்பீல் 2007-ல் தள்ளுபடியானது.

மத்திய சிறையில் வளர்வது எப்படி என்று கேட்பவர்கள், அடி உதை பற்றித்தான் கேட்கிறார்கள். அது உண்டு. சின்னப் பையன்களுக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. அதை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. எனக்கு ஒன்றும் ஆகாமல் போனதற்குக் காரணம் ஒரே ஒருவர். அவர் முன்னாள் பள்ளி ஆசிரியர், ஆயுள் கைதி. எல்லோருக்கும் ‘வாத்தியார்’. முதல் வாரமே என் பாயைத் தன் பாய்க்கும் சுவருக்கும் நடுவில் போடச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மற்றபடி வளர்வது என்பது நிஜார் குட்டையாவதுதான். வெள்ளை நிஜார், வெள்ளைச் சட்டை. கொடுத்த எட்டாவது மாதம் நிஜார் தொடையில் ஏறி நின்றது. தையல் கூடத்தில் இருந்த அண்ணன் ஒருவர் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்துக் கொடுத்தார். அடுத்த வருடம் பிரிக்க மடிப்பு இல்லை. முதல் சவரம் செய்துவிட்டவரும் ஒரு ஆயுள் கைதிதான், வெளியே இருந்தபோது சலூன் வைத்திருந்தவர். ஊரில் என்றால் சித்தப்பாவோ மாமாவோ கேலி பண்ணியிருப்பார்கள். இங்கே வரிசையில் நின்றவர்கள், “சீக்கிரம் முடிங்கண்ணே, லாக்கப் நேரமாச்சு” என்றார்கள்.

அம்மா மனுப் பார்க்க, அதாவது என்னைச் சந்தித்துப் பேச வருவாள். இரண்டு கம்பி வலை, நடுவில் இடைவெளி, இரண்டு பக்கமும் முப்பது பேர் கத்துவார்கள். என் குரல் உடைந்திருந்தது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் ஆட்கள் குறைவாக இருந்ததால் கத்தாமல் பேச முடிந்தது. “எய்யா, ஒங்க ஐயா கொரலு மாதிரியே இருக்கு” என்றாள். அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வழிக்காவலோடு கூட்டிப்போய்க் காரியத்துக்கு இரண்டு மணி நேரம் விட்டிருந்தார்கள்.

வேலை பைண்டிங்கில். அரசாங்க ஆபீஸ்களுக்குப் போகும் ஃபைல் அட்டைகள் செய்வோம். கோர்ட்டுக்கும் போகும். என் வழக்குக் கட்டையே நான் ஒட்டிய அட்டையில்தான் வைத்திருப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்போம்.

2008 செப்டம்பர் 15, அண்ணா நூற்றாண்டு. ஏழு வருடம் முடித்த ஆயுள் கைதிகளைக் கூட்டமாக விட்டார்கள். என் பிளாக்கில் பாதி காலி. எனக்கு ஐந்துகூட நிறையவில்லை. வாத்தியார் பெயரும் பட்டியலில் இல்லை, அவர் வழக்கில் வேறு சிக்கல். அன்று ராத்திரி, “சரி, நீ பத்தாவது எழுது” என்றார். எதற்கு என்றேன். “வேற என்ன ஜோலி உனக்கு?”

நான் ஒன்பதாவதோடு நின்றவன். 2010-ல் தனித்தேர்வராக விண்ணப்பம் போட, அம்மா ஊர்ப் பள்ளியில் அலைந்து டி.சி.யை வாங்கி அனுப்பினாள். வாத்தியார்தான் ஃபாரம் நிரப்பினார். பிறந்த தேதி கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. டி.சி.யில் 4.6.1986.

“சம்பவம் என்னைக்குலே?”

சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு ஒரு பேப்பரில் கழித்தல் கணக்குப் போட்டு என்னிடம் நீட்டினார். பதினேழு வருடம், நான்கு மாதம். “நீ இங்க வந்திருக்கவே கூடாதுலே” என்றார். எனக்குச் சந்தோஷமெல்லாம் வரவில்லை. இருபத்து நான்கு வயதில் அதைக் கேட்டு என்ன செய்வது என்று தெரியாமல், ஃபாரத்தில் மீதி இருந்த கட்டங்களை நிரப்பச் சொன்னேன்.

இனி மனு விஷயம். யாருக்காவது உதவும் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். 2006-ல் அந்தச் சிறார் நீதிச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சம்பவ நாளில் நான் சிறுவன் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், வழக்கு முழுவதும் முடிந்த பிறகும் எழுப்பலாம். 2015-ல் வந்த புதுச் சட்டத்தில் அதுவே 9-ம் பிரிவில் இருக்கிறது. கணக்கு சம்பவ நாளை வைத்து. கைதான நாளோ தீர்ப்பு நாளோ கிடையாது. காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை. சூப்பிரண்ட் வழியாக சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். நான் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடி கொடுத்தேன். இரண்டு வருடம் போனது. 2012 கடைசியில் ஒரு பெண் வக்கீல் வந்தார். அந்த அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, கீழ்க்கோர்ட்டில் கேட்காமல் விட்டிருந்தாலும் இந்தக் கோரிக்கை செத்துப்போகாது என்று தெளிவாகச் சொல்லியிருந்ததாம். அதன் நகலைக் கையிலேயே வைத்திருந்தார்.

அவர் சொன்ன ஒன்று எனக்குப் புதிது. “எலும்பு எக்ஸ்ரே எடுக்கலாமா?” என்று நான் கேட்டேன், சிறையில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். “இப்ப எடுத்தா இருபத்தஞ்சுக்கு மேலன்னு மட்டும்தான் வரும். அது உங்களுக்கு எதுக்கு?” என்றார். எக்ஸ்ரே கடைசி வழி. பத்தாவது சான்றிதழ், அது இல்லையென்றால் முதலில் சேர்ந்த பள்ளியின் பதிவு, அதுவும் இல்லையென்றால் பஞ்சாயத்தோ நகராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இவை எதுவும் இல்லாதபோதுதான் டாக்டர். 2007 விதிகளில் வரிசை அப்படி இருந்தது. பத்தாவது சான்றிதழ் என்னிடம் இருந்தது, ஆனால் அதை உள்ளே இருந்து எழுதி வாங்கினேன். அரசு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார்: தண்டனைக்குப் பிறகு வாங்கிய காகிதத்தை எப்படி நம்புவது? ஒரு விதத்தில் நியாயமான கேள்வி. இன்னொன்று, எஃப்.ஐ.ஆரில் இருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர், பள்ளியில் இருந்தது குலசாமி பெயர்.

உயர் நீதிமன்றம் என் மனுவை, விசாரித்து அறிக்கை தரும்படி மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2013 நவம்பரில் ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை சேர்க்கைப் பதிவேட்டோடு வந்தார். துணியில் சுற்றியிருந்தார். அட்டை உதிர்ந்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பைண்டிங் பார்த்த கைக்கு அதை வாங்கித் தைத்துக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. 1991 ஜூன். நீல மை. குலசாமி பெயர், அப்பா பெயர், 4.6.1986, கடைசிக் கட்டத்தில் அப்பாவின் கைநாட்டு. பெருவிரலில் பனை ஏறிய தழும்பு குறுக்கே வெள்ளையாக ஓடியது.

அரசு வக்கீல் எழுந்தார். அந்தக் காலத்தில் தேதியைத் தோராயமாகத்தானே போடுவார்கள் என்றார். உண்மைதான். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டால் ஐந்து வயது. எனக்கு அன்று எட்டியதா என்று ஞாபகமில்லை. “எதிர்காலத்தில் இப்படி ஒரு கேஸ் வரும்னு தெரிஞ்சா அன்னைக்கு தேதி போட்டாங்க?” என்று என் வக்கீல் கேட்டார். அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று அம்மாவும் கிராம நிர்வாக அலுவலரும் சொன்னார்கள்.

நான் வெளியே வந்து பல வருடம் கழித்து, 2023-ல், 28 வருடம் சிறையில் இருந்த ஒரு தூக்குத் தண்டனைக் கைதியை உச்ச நீதிமன்றம் விடுவித்த செய்தியைப் படித்தேன். சம்பவத்தின்போது அவருக்குப் பன்னிரண்டரை வயது. அவருக்கும் பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயராம். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

எனக்கு 2014 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. குற்றம் செய்தேன் என்ற தீர்ப்பு நிற்கும், தண்டனை ரத்து. மூன்று வருடத்துக்குப் பதில் பத்து வருடம் பத்து மாதம். சிறார் சட்டப்படி அந்தத் தீர்ப்பால் வேலைக்கோ வேறெதற்கோ தகுதியிழப்பு கிடையாது. இதை அந்த உத்தரவின் நகலோடு நானே இரண்டு இடத்தில் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். ஆபீஸில் கிளார்க் பழைய சேர்க்கைப் பதிவை எடுத்து வைத்து அங்க அடையாளம் சரிபார்த்தார். இடது தோளில் மச்சம், சரி. வலது முழங்காலில் தழும்பு, சரி. அப்புறம் என்னைச் சுவரில் இருந்த அளவுகோலில் நிற்கச் சொன்னார். பதிவில் ஐந்தடி மூன்று. சுவரில் ஐந்தடி ஐந்தரை. இரண்டு முறை பார்த்தார்.

“ஏம்ப்பா, உயரம் ஒத்து வரலையே?”

“வளந்துட்டேன் சார்” என்றேன்.