சூடான எஞ்சின் மறுபடி கிளம்ப மறுக்கும்போது

பனிமேல் ஓடும் என்னுடைய ஸ்னோமொபைல் பழைய வண்டி. இரண்டு சிலிண்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் இரண்டு கார்புரேட்டர், கயிற்றை இழுத்துக் கிளப்பும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். உறைநிலைக்கு 15 டிகிரி கீழே இறங்கிய குளிரில் இரவெல்லாம் கொட்டகையில் கிடந்தாலும், காலையில் கூடுதல் பெட்ரோல் விடும் சோக்கைப் போட்டு இழுத்தால் இரண்டாவது இழுப்பில் உறுமிக்கொண்டு எழுந்துவிடும். அதே எஞ்சின் சென்ற குளிர்காலத்தில், அரை மணி நேரம் குறையின்றி ஓடிவிட்டு, வழியில் பத்து நிமிடம் நிறுத்திய பிறகு, தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்குக் கயிற்றை இழுத்தும் ஒரு முறைகூட இருமவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, தானே மனம் மாறியது போலக் கிளம்பியது. அதன் பிறகு சில நாள் ஒழுங்காக இருந்தது. சில நாள் மறுபடி அடம்பிடித்தது. இந்த ஒழுங்கற்ற போக்குதான் என்னை மிகவும் அலைக்கழித்தது.

குளிரில் கிளம்பாத எஞ்சினைப் பற்றி எல்லோருக்கும் ஏதாவது சொல்லத் தெரியும். சூட்டில் கிளம்பாத எஞ்சின் வேறு வகை. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். ஏனெனில் குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோலின் பெரும்பகுதி ஆவியாகாமல் துளிகளாகவே ஒட்டிக்கொள்கிறது, ஆவியான சிறு பகுதிதான் தீப்பிடிக்கிறது. சூடான எஞ்சினில் கிட்டத்தட்ட அனைத்தும் ஆவியாகிவிடுவதால் கொஞ்சம் பெட்ரோலே போதும். ஆகவே, கார்புரேட்டரில் எங்கேனும் சிறிது மிகையாகக் கசிந்தால், குளிர்ந்த எஞ்சின் அதை உதவியாக எடுத்துக்கொண்டு சட்டென்று கிளம்பும், சூடான எஞ்சினோ மூச்சுத் திணறிப்போகும். காலையில் வண்டி அத்தனை அருமையாகக் கிளம்பியதே கோளாறின் ஒரு முகம் என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் உறைத்தது.

இதற்கு மேல், நிறுத்திய எஞ்சின் உடனே குளிர்ந்துவிடுவதில்லை. ஓடும்போது வீசும் காற்றும், வண்டியைத் தள்ளும் பின்பட்டை வாரியடிக்கும் பனியில் குளிர்ந்து திரும்பும் நீரும் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. எஞ்சினை அணைத்ததும் இரண்டும் நின்றுவிட, சிலிண்டரில் தேங்கிய சூடு மூடிய முன்கூட்டுக்குள்ளேயே பரவி, பக்கத்திலிருக்கும் கார்புரேட்டரையும் குழாய்களையும் சில நிமிடங்களுக்கு மேலும் சூடாக்குகிறது. குளிர்காலத்தில் விற்கும் பெட்ரோலில், சுலபமாக ஆவியாக வேண்டும் என்பதற்காக பியூட்டேனை அதிகம் கலக்கிறார்கள். பியூட்டேன் தனியாக இருந்தால் உறைநிலையை ஒட்டிய வெப்பத்திலேயே கொதித்துவிடும் பொருள். எனவே வெளியே பனி உறைந்து கிடக்க, முன்கூட்டுக்குள்ளே பெட்ரோல் குமிழியிட்டுக்கொண்டிருப்பது விந்தையான செய்தி ஒன்றும் அல்ல.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் செய்த முதல் தவறு, வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, ஆற அமர மறுநாள் சோதித்தது. ஆறிய எஞ்சினில் எல்லாமே சரியாக இருந்தது. சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே பிடிக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்கள்தான். அதனால் பெட்ரோலைக் கொளுத்தும் பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக்குகளில் புதியவை இரண்டு, அவற்றைக் கழற்றும் ஸ்பேனர், பொறியைக் காட்டும் சிறு டெஸ்டர், மல்டிமீட்டர், ஒரு குறிப்பேடு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எத்தனை நிமிடம் ஓட்டினேன், எத்தனை நிமிடம் நின்றேன், எத்தனை முறை இழுத்தேன் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுதிவந்தேன்.

மறுத்த அந்த நிமிடத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிளக். ஐந்தாறு முறை இழுத்தும் கிளம்பவில்லை என்றால் மேலும் இழுப்பதில் பயனில்லை, பிளக்கைக் கழற்ற வேண்டும். அது ஈரமாக இருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா என்ற ஒரே கேள்வி பாதித் துப்பைத் துலக்கிவிடும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. ஈரமாக இருந்தால், ஒன்று பெட்ரோல் மிகையாக வந்திருக்கிறது, அல்லது வந்த பெட்ரோலைக் கொளுத்தப் பொறி வரவில்லை. என்னுடைய இரண்டு பிளக்குகளும் கழற்றும்போதே நுனியில் துளி தொங்கும் அளவுக்கு நனைந்திருந்தன. கறுத்த மின்முனையைச் சுற்றிப் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த பளபளப்பு. விரலில் தேய்த்தால் வழுவழுப்பு. துடைத்துவிட்டுப் புதிய பிளக்கை மாட்டினால் கிளம்பிவிடும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்று நினைக்கிறேன். பிளக்கை மாற்றினேன், கிளம்பியது, ஆகவே பிளக்தான் கெட்டிருந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நனைந்தது பிளக்கின் குற்றமல்ல. நானும் இரண்டு ஜோடி பிளக்குகளை இப்படி வீணாக்கிய பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

டூ-ஸ்ட்ரோக்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நேரே சிலிண்டருக்குப் போவதில்லை. சிலிண்டருக்கு அடியிலுள்ள கிராங்க்கேஸ் என்னும் அறையின் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. மிகையாகப் போன பெட்ரோல் அங்கே குட்டையாகத் தேங்கிவிட்டால், பிளக்கைத் துடைத்து மாட்டிய பிறகும் அடுத்தடுத்த இழுப்புகளில் அது மேலே வந்து பிளக்கை மறுபடி நனைக்கும். அப்போது சோக்கை முற்றிலும் விலக்கிவிட்டு, வேகத்தைக் கூட்டும் திராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு இழுத்தால், காற்று அதிகம் போய் உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். முதல் வெடிப்பு கேட்டதும் விரலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் பிடித்து, வண்டி நம்மை விட்டுவிட்டு ஓடும். பின்பட்டைக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதேபோல, பிளக்கைத் துளைக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு பொறி பார்க்கும் பழக்கத்தை பெட்ரோல் மிகையாகத் தேங்கிய எஞ்சினில் செய்யவே கூடாது. துளையிலிருந்து பீறிடும் பெட்ரோல் ஆவிக்கு அந்தப் பொறியே போதும்.

பொறியைப் பற்றித்தான் எனக்கு நெடுநாள் சந்தேகம். பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் மேக்னெட்டோவின் கம்பிச் சுருளான காயில் (coil), சூட்டில் பூச்சு விரிசல் விட்டு உள்ளே அறுந்துபோய், ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்வது நன்கு அறியப்பட்ட நோய். ஆகவே, மறுத்த நேரத்தில் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். கையேட்டில் கொடுத்திருந்த ஓம் அளவைவிடச் சுமார் கால் பங்கு கூடுதலாகக் காட்டியது. பிடிபட்டது திருடன் என்று மகிழ்ந்து, புதிய காயில் வாங்கும் எண்ணத்தோடு திரும்பினேன். நல்ல வேளையாக அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 விழுக்காடு கூடும். கையேட்டின் அளவோ 20 டிகிரியில் எடுத்தது. 80, 90 டிகிரியில் கிடக்கும் நல்ல காயில் அந்த அளவு கூடுதலாகக் காட்டுவதுதான் இயல்பு. கெட்ட காயில் சற்றே கூட்டிக் காட்டாது; பெரும்பாலும் எல்லையற்ற தடையாகத் துள்ளும் அல்லது அளக்கும்போதே எண் நிலைகொள்ளாமல் ஆடும். மறுநாள் டெஸ்டரை மாட்டி, சூடான எஞ்சினை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நீலப் பொறி தெளிவாகப் பாய்ந்தது. காயில் குற்றமற்றது.

பிளக் உலர்ந்திருந்தால் தேடும் பாதையே வேறு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பால் இயங்கும் டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வுதான். துடிப்பைக் கொண்டுபோகும் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் கயிற்றின் மெதுவான சுழற்சியில் அது பெட்ரோலை ஏற்றாது. குழாயில் ஆவி அடைத்திருந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. முன்கூட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் விரைவில் ஆறும். டாங்கின் காற்றுத் துளை அடைத்திருந்தால், மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே இழுபடும் சீறல் கேட்கும். சிலிண்டருக்குள் எழும் அழுத்தமான கம்ப்ரஷனைச் சூட்டில் அளந்து இரு சிலிண்டருக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிஸ்டன் வளையங்களைப் பார்க்க வேண்டியதுதான். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய எஞ்சின்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நீரின் வெப்பத்தைச் சொல்லும் சென்சார். அது குளிர் என்று பொய் சொன்னால் கணினி பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

என் வண்டிக்கு வருகிறேன். பெட்ரோல் மிகை என்பது உறுதியானதும், கார்புரேட்டர் இரண்டையும் இறக்கி, பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் ஊசி நுனிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தேய்மான வளையம் இல்லை. மிதவை உயரம் சரி. மாட்டினேன். கொட்டகையில் சூடாக்கி, பத்து நிமிடம் அணைத்துவிட்டு இழுத்தேன். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் கிளம்பியது. அடுத்த நாள் பாதையில் மறுத்தது. எதை வைத்துப் பார்த்தாலும் அந்த இரண்டு நாளுக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை.

விடை தற்செயலாகக் கிடைத்தது. குறுகிய பாதை ஒன்றில், பிறருக்கு வழிவிட வேண்டும் என்று ஹேண்டில்பாரை வலப்புறம் முழுதாக ஒடித்து, ஓரத்துப் பனிமேட்டில் முன்னைச் சாய்த்து நிறுத்தியிருந்தேன். வழக்கம்போல் கிளம்பவில்லை. உடன் வந்தவர் வண்டியைப் பாதைக்கு இழுத்து, ஹேண்டிலை நேராக்கினார். திராட்டிலைத் திறந்து இழுத்தேன். புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. மறுபடி நிறுத்த இடம் தேடி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டிலை வலப்புறம் திருப்பினேன். சத்தம் தடித்தது. சுழற்சி தளர்ந்து, புகைக் குழாயிலிருந்து ஒரு கனத்த, சீரற்ற துடிப்பு கேட்டது. நேராக்கினேன், தெளிந்தது. மறுபடி திருப்பினேன், மறுபடி தடித்தது.

என் வண்டியில் சோக் நெம்புகோல் ஹேண்டில்பாரிலேயே இருக்கிறது. இந்த வகைக் கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல. கூடுதல் பெட்ரோலுக்கான தனி வழியை மூடி நிற்கும் சிறு உலக்கை. கேபிள் அதை மேலே தூக்கினால் வழி திறக்கும். திராட்டில் மூடியிருக்கும்போது எஞ்சினின் உறிஞ்சல் முழுவதும் அந்த வழியில்தான் வேலை செய்யும். திராட்டிலைத் திறந்தால் உறிஞ்சல் குறைந்து அது அடங்கிவிடும். என் கேபிளில் தளர்ச்சி என்பதே இல்லை. போதாததற்கு, கேபிள் ஒரு தாங்கிக்கு வெளிப்பக்கமாகப் போய், ஹேண்டிலை வலப்புறம் திருப்பும்போது நீண்டு இழுபட்டு, உலக்கையைச் சற்றே தூக்கிவிட்டது. கொட்டகையில் ஹேண்டில் எப்போதும் நேராக இருந்ததால் கோளாறு தலைகாட்டவில்லை. காலையில் சோக் எப்படியும் திறந்தே இருந்ததால் தெரியவில்லை. வேகமாக ஓடும்போது திராட்டில் திறந்திருப்பதால் அப்போதும் தெரியவில்லை. பாதையோரத்தில் ஒடித்து நிறுத்தி, சூட்டில், திராட்டிலை மூடிக்கொண்டு இழுக்கும்போது மட்டுமே அது வெளிப்பட்டது. என் குறிப்பேட்டில் நிமிடங்களும் இழுப்புகளும் ஒழுங்காக இருந்தன. ஹேண்டில் எந்தப் பக்கம் இருந்தது என்பதை ஒரு நாள்கூட எழுதியிருக்கவில்லை.

உலக்கைகளை வெளியே எடுத்தபோது, ஒன்றின் அடிப்புறத்து ரப்பரில் பித்தளை விளிம்பு அழுந்திய வட்டப் பள்ளம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருந்தது. சரியாக உட்காராமலே பல காலம் கிடந்திருக்க வேண்டும். இரண்டையும் மாற்றினேன். கேபிளைத் தாங்கிக்கு உட்பக்கமாகக் கொண்டுபோய், ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்து, எந்தக் கோடியிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்ச்சி மிஞ்சும்படி சரிக்கட்டினேன். இப்போது கொட்டகையில் எஞ்சின் சூடேறியதும், புறப்படும் முன் ஹேண்டிலை ஒரு முறை இடமும் வலமும் முழுதாகத் திருப்பி, சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். காலையில் மட்டும் முன்போல் இரண்டாவது இழுப்பில் கிளம்புவதில்லை. மூன்றோ நான்கோ ஆகிறது.