குழாயடிக் குறிப்புகள்

2025 ஜூன் 2, திங்கள்

இந்த முகாம் எந்த நாட்டில், எந்த ஊருக்கு அருகில் இருக்கிறது என்று இங்கே எழுதப்போவதில்லை. பெயரையும் படத்தையும் பதிவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. சண்டை நடக்கும் பக்கத்தில் இன்னும் உறவினர்களை விட்டுவந்திருப்பவர்களுக்கு ஆகும். தப்பி வந்த ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது யாருக்குத் தெரியலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

என் வேலை தண்ணீர். தொட்டி, குழாய், குளோரின், கழிப்பறை, வடிகால் எல்லாம் அதற்குள் அடக்கம். மாலையில் வந்து இறங்கியதும் பையை வைத்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போனேன். முகாம் எப்படி நடக்கிறது என்பதை அலுவலகக் கூடாரத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. குழாயடியில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

ஏழாம் குழாயில் வரிசை வளைந்து வளைந்து போனது. இடம்பிடிக்கக் கேன்களை வைத்துவிட்டுப் பெண்கள் கூடார நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமி மட்டும் தன் கேனை விட்டு நகரவில்லை. இருபது லிட்டர் கேன். நிரம்பினால் இருபது கிலோ. எப்படித் தூக்குவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் தூக்கவில்லை. பாதி நிரம்பியதும் குழாயை மூடிவிட்டு, கேனைச் சாய்த்து, இரண்டு கைகளாலும் தரையோடு இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் மண்ணில் ஒரு கோடு விழுந்தது.

ஜூன் 3, செவ்வாய்

அளந்த நாள். பத்து லிட்டர் வாளி, கைக்கடிகாரம், ஒரு நோட்டுப் புத்தகம்.

நிவாரணப் பணியில் இருப்பவர்கள் பின்பற்றும் ஸ்ஃபியர் நியமங்கள் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்கின்றன. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. குழாய் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது, ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது. இந்த 250 சும்மா போட்ட எண் அல்ல. நிமிடத்துக்கு 7.5 லிட்டர் ஊற்றும் குழாய் எட்டு மணி நேரம் ஓடினால் 3,600 லிட்டர் வரும். அதை 250 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய அந்த 15 லிட்டர்.

ஏழாம் குழாயில் வாளி நிரம்ப இரண்டு நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்தான். அதை நம்பி 620 பேர் இருக்கிறார்கள். கணக்குப் போட்டேன்: எட்டு மணி நேரத்துக்கு 2,400 லிட்டர், ஆளுக்கு நான்கு லிட்டர்கூட இல்லை. கடைசி ஆள் கேனை வைத்ததிலிருந்து நிரப்பும்வரை 70 நிமிடம்.

நான்கு லிட்டரில் ஒருவர் குடிக்கலாம், கொஞ்சம் சமைக்கலாம். கை கழுவுவதற்கு மிஞ்சாது. முகாமில் நோய் எங்கிருந்து வருகிறது என்று வியப்பவர்கள் இந்த நான்கு லிட்டரில் ஒருநாள் வாழ்ந்து பார்த்தால் போதும்.

ஜூன் 5, வியாழன்

பதிவு மேசையில் ஆள் போதவில்லை என்று என்னையும் உட்கார வைத்தார்கள். நல்லதாயிற்று. குழாய்க்குப் போகும் கேன்களுக்குப் பின்னால் இருக்கும் வீடுகள் தெரிந்தன.

பதிவு என்றால் பெயர், வயது, எத்தனை பேர், எங்கிருந்து, எப்போது. யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்கு நடக்க முடியாது, துணையில்லாத குழந்தை உண்டா. அட்டை கொடுத்தால்தான் மாவும் பருப்பும் எண்ணெயும் கிடைக்கும், தார்ப்பாயும் போர்வையும் கிடைக்கும். அட்டையில் இல்லாதவர் முகாமில் இல்லாதவர்.

அந்தச் சிறுமி ஒரு மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கூடவே நான்கு வயதுத் தம்பி. மூவர். தாய் இறந்துவிட்டதாகச் சொன்ன மூதாட்டி, தந்தையைப் பற்றிக் கேட்டதும் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார். "சாலை பிரியும் இடத்தில் வேறு வண்டியில் ஏற்றினார்கள். பின்னாலேயே வருகிறேன் என்றான். நான்கு பேர் என்று எழுதுங்கள்" என்றார்.

விதிப்படி எதிரில் இருப்பவர்களைத்தான் எழுத வேண்டும். மூன்று என்று எழுதினேன். அவர் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் நான் எழுதிய எண்ணைக் கூர்ந்து பார்த்தார். எழுதிய பிறகு, காணாமல் போனவர்களைத் தேடும் பிரிவின் படிவத்தை எடுத்து, அந்த மகனின் பெயரை அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாக நிரப்பினேன். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

ஜூன் 7, சனி

இரவு முழுவதும் மழை. தார்ப்பாய் நான்குக்கு ஆறு மீட்டர். கூரையிடப்பட்ட இடம் ஆளுக்கு 3.5 சதுர மீட்டராவது வேண்டும் என்கிறது நியமம். ஆறு பேர் குடும்பம் அதற்குள் அடங்கும், காகிதத்தில். சரிவில் இருந்த பதினொரு கூடாரங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிகால் வெட்டினோம். முகாமில் இருந்த இளைஞர்கள் நாங்கள் மண்வெட்டி தேடுவதற்குள் பாதி வெட்டி முடித்திருந்தார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

இதை நீளமாக எழுத வேண்டும்.

கிழக்கு ஓரத்தில் நாற்பது கழிப்பறைகள் இருக்கின்றன. இருபது பேருக்கு ஒன்று என்ற கணக்கில் சரியாகவே கட்டியிருக்கிறார்கள். அறிக்கையில் அந்தக் கட்டம் பச்சை நிறத்தில் இருக்கிறது. ஆனால் அவற்றில் பாதியில் தரை காய்ந்து கிடந்தது. யாரும் போவதில்லை. முதல் நாளிலிருந்தே இது உறுத்திக்கொண்டிருந்தது.

பகுதித் தலைவர்களிடம் கேட்டேன். எல்லோரும் ஆண்கள். "பழக்கமில்லை, போகப் போகச் சரியாகிவிடும்" என்றார்கள். திருப்தி இல்லை. மொழிபெயர்ப்பாளராக இருக்கும் ஆசிரியையை அழைத்துக்கொண்டு பெண்கள் கூடும் கூடாரத்துக்குப் போனேன். வாசலில் என்னை நிறுத்திவிட்டு, உள்ளே அவர் மட்டும் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. வழியில் விளக்கு இல்லை. வரிசைகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாக, நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கின்றன. மாதவிடாய்த் துணியைத் துவைக்கவோ காயவைக்கவோ மறைவான இடம் இல்லை. அதனால் பெண்கள் பிற்பகலுக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இரவில் எழ வேண்டியிருக்கக் கூடாதே என்று. ஒரு கர்ப்பிணிக்குச் சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவக் கூடாரத்தில் கிடக்கிறார்.

தண்ணீருக்காக 70 நிமிடம் நின்று, கொண்டுபோன தண்ணீரைக் குடிக்க அஞ்சி ஒரு பெண் இருக்கிறாள் என்றால் நான் பார்த்த வேலைக்கு என்ன பொருள்? லிட்டரை அளந்தேன், நிமிடத்தை அளந்தேன். கேட்க வேண்டியவர்களிடம் கேட்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் தேவைப்பட்டிருக்காது, உட்கார்ந்து கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இத்தனைக்கும் இதே நியமங்கள் பொதுக் கழிப்பறைகளில் பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதத்தையும், உள்தாழ்ப்பாளையும், வெளிச்சத்தையும் சொல்கின்றன. எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

மாலையில் பெண்களே வெளியே வந்தார்கள். வயதான ஒருவர் குச்சியை எடுத்து மண்ணில் வரைந்து காட்டினார்: இங்கே தடுப்பு, இங்கே வாசல், வாசல் இந்தப் பக்கம் பார்க்கக் கூடாது, துவைக்கும் கல் இங்கே. அதைப் படம் பிடித்துக்கொண்டேன். அதுதான் இனி வரைபடம்.

ஜூன் 13, வெள்ளி

ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையத்தின் ஆண்டறிக்கை நேற்று வந்திருக்கிறது. 2024 முடிவில் போராலும் வன்முறையாலும் துன்புறுத்தலாலும் வீட்டை இழந்து வெளியேறியவர்கள் உலகெங்கும் 12 கோடியே 32 லட்சம் பேர். அவர்களில் 7 கோடியே 35 லட்சம் பேர் சொந்த நாட்டு எல்லையைத் தாண்டாதவர்கள். இங்கே இருப்பவர்களைப் போல.

அகதி என்று சொல்கிறோமே, சட்டப்படி இவர்கள் அகதிகள் அல்லர். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம் எல்லையைக் கடந்தவர்களுக்குத்தான். உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்கு 1998 இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தார்கள். அவை நெறிகள்தாம், நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல. எந்த அரசின் பாதுகாப்பில் இருக்க வேண்டுமோ அந்த அரசே சண்டையில் ஒரு தரப்பாக இருக்கலாம். ஓர் எல்லைக் கோட்டைத் தாண்டினாரா இல்லையா என்பதை வைத்து ஒரு தாயின் துயரத்துக்கு வேறு வேறு பெயர் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கெட்ட செய்தி. உலக அளவில் நிவாரணத்துக்கு இந்த ஆண்டு கேட்டிருந்த 4,400 கோடி டாலரை 2,900 கோடியாகச் சுருக்கி, மிக அவசரமானவர்களை மட்டும் முன்னிறுத்துவதாக நேற்று ஐ.நா. அறிவித்திருக்கிறது. தேவை குறைந்ததால் அல்ல. கொடுப்பவர்கள் கையை இழுத்துக்கொண்டதால்.

காலைக் கூட்டத்தில் அது எங்கள் வாசலுக்கு வந்தது. முழு ரேஷன் என்பது ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி. அடுத்த மாதம் அதில் பாதிதான் வரும். ஊட்டச்சத்துப் பிரிவில் இருக்கும் செவிலி எதுவும் பேசாமல் தன் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளின் மேற்கையைச் சுற்றி அளக்கும் நாடா அது. 125 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மஞ்சள், ஊட்டச்சத்துக் குறைவு. 115 க்குக் கீழே போனால் சிவப்பு, கடுமையான குறைவு. பாதி ரேஷன் எப்போது சிவப்பாக மாறும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூதாட்டியின் பேரனுக்கு இன்று 127.

ஜூன் 21, சனி

வயிற்றுப்போக்கு. இரண்டு நாளில் முப்பத்தாறு பேர், பெரும்பாலும் குழந்தைகள். காலராவா என்று சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்.

முதலில் குழாய்களைச் சோதித்தேன். கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரினில் தண்ணீரில் எஞ்சியிருந்தது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். 0.2 முதல் 0.5 வரை இருக்க வேண்டும், ஆகச் சரிதான். பிறகு நோயாளிகளின் கூடாரங்களுக்குப் போய், குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சோதித்தேன். பத்தில் எட்டு வீடுகளில் குளோரினே இல்லை. கேன் போதாதவர்கள் அகன்ற வாய் கொண்ட திறந்த வாளிகளில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். குழந்தை கையை விட்டுக் குவளையால் மொள்ளும். குழாயில் சுத்தமாக வந்த தண்ணீர் வீட்டுக்குள் கெட்டுப்போகிறது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரே கேன் கொடுத்தது நாங்கள்தான்.

கரைசல் கொடுக்கும் கூடாரம் ஒன்றைக் காலை ஆறு மணிக்கே திறந்துவிட்டோம். ஒரு பொட்டலம் உப்பும் குளுக்கோஸும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில். எளிமையான இந்த மருந்துக்கும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் பழைய உறவு உண்டு. 1971 வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்தவர்களிடையே காலரா பரவியபோது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் ஊர் மருத்துவமனையில் நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலானபீஸ், உப்பையும் குளுக்கோஸையும் கலந்து பீப்பாய்களில் வைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்குப் புகட்டச் சொன்னார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. புகட்டிய கைகள் தாய்களுடையவை, அக்காக்களுடையவை.

இன்னொரு ஆண்டையும் மறக்கக் கூடாது. 1994 இல் ருவாண்டாவிலிருந்து அண்டை நாடான காங்கோவின் (அன்று சயீர்) கோமா நகருக்கு ஓடி வந்தவர்களில் முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காலராவாலும் சீதபேதியாலும். நிவாரணக் குழுக்கள் அங்கே இல்லாமல் இல்லை. உதவி செய்வதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும் என்று 1997 இல் ஸ்ஃபியர் தொடங்கியதில் அந்தத் துயரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நான் தினமும் மேற்கோள் காட்டும் 15 லிட்டருக்குப் பின்னால் அந்த உயிர்கள் இருக்கின்றன.

கரைசல் கூடாரத்தில் அந்தச் சிறுமி தம்பியை மடியில் வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். அவன் துப்பினால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை என்றார் செவிலி.

ஜூன் 23, திங்கள்

காலரா இல்லை என்று முடிவு வந்தது. இன்று ஆறு பேர் மட்டும். பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

ஜூன் 26, வியாழன்

பெண்கள் வரைந்த இடத்தில் தடுப்பு எழுந்தது. தாழ்ப்பாள்களைப் பொருத்தியது முகாமில் இருந்த ஒரு தச்சர். சூரிய விளக்குகள் நான்கு. ஏழாம் குழாய்க்குப் பக்கத்தில் மூன்று புதிய குழாய்கள். இடத்தையும் அவர்களிடமே கேட்டோம்; நான் குறித்து வைத்திருந்த இடத்திலிருந்து முப்பது அடி தள்ளிக் காட்டினார்கள். குழந்தைகள் தண்ணீருக்கு நிற்கும்போது கூடாரத்திலிருந்து பார்க்க முடிய வேண்டுமாம். எனக்கு இது தோன்றியே இருக்காது.

மூடியும் குறுகிய வாயும் உள்ள பத்து லிட்டர் கேன்கள் வீட்டுக்கு இரண்டு வீதம் கொடுத்தோம். வரிசை 25 நிமிடம்.

ரேஷன் வெட்டு மாறவில்லை. அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

ஜூன் 30, திங்கள்

தேடும் பிரிவிலிருந்து செஞ்சிலுவைச் செய்திப் படிவங்கள் வந்தன. ஒட்டாத, திறந்த கடிதம். குடும்பச் செய்தியைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது. வழியில் யாரும் படிக்கலாம். பிரிந்தவர்களை இணைக்கும் இந்த வேலை 1870 இல் பிரான்ஸ்–புருசியப் போரின்போதே தொடங்கிவிட்டது. கைப்பேசிக் காலத்திலும் கோபுரங்கள் சாய்ந்த ஊர்களுக்கு இந்தக் காகிதம்தான் போகிறது.

மகன் இருப்பதாகக் கருதப்படும் முகாமின் பெயர் கிடைத்திருக்கிறது. அவர்தானா என்று உறுதியாகவில்லை. மூதாட்டி சொன்னார், ஆசிரியை எழுதினார். "நாங்கள் மூவரும் நலம். சின்னவனுக்கு வயிறு சரியாகிவிட்டது. உன் சட்டையை எடுத்து வந்திருக்கிறேன்." அவ்வளவுதான். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

படிவத்தை மடிக்கப் போகும்போது சிறுமி ஆசிரியையின் கையைப் பிடித்து நிறுத்தினாள். இன்னும் ஒன்று எழுத வேண்டும் என்றாள். முகாமின் பெயரை அப்பா மறந்துவிடலாம், இங்கே கூடாரங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன, வந்தால் கண்டுபிடிக்க முடியாது.

"ஏழாம் குழாய்க்கு எதிரில் இருக்கிறோம் என்று எழுதுங்கள்."

ஆசிரியை எழுதினார்.