கார்டிஃப்ல ஒரு ஆல்டோ குரல்

சின்ன வயசுல கர்நாடக சங்கீதம் கத்துக்க ஆரம்பிச்சு, மேடை கச்சேரின்னு எதுவும் ஏறாம பாதியில நின்னுபோனவங்க நம்மள்ல எவ்வளவோ பேர் இருக்கோம். நின்னாலும் பாட்டு உள்ள போயிடுச்சுன்னா வெளிய போகாது. அப்படிப்பட்டவங்க வெளிநாட்டுல வந்து செட்டில் ஆகுறப்போ வீடு, விசா, ஸ்கூல், டாக்டர்னு எல்லாத்துக்கும் நாலு பேர்கிட்ட வழி கேட்டுக்குறோம், எங்க போய்ப் பாடுறதுன்னு மட்டும் யாரும் கேக்குறதில்ல. நான் வேல்ஸ்ல கார்டிஃப் வந்து ஒரு கொயர்ல, அதாவது பல பேர் கூடிப் பாடுற குழுவுல சேந்து, அது வழியாதான் இந்த ஊரோட ஒட்டினேன், அதப் பத்தி விவரமா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

முதல்ல படிச்ச கதை. எங்க பாட்டு டீச்சர்கிட்ட எல்லாம் காது வழியாதான். மாயாமாளவகௌளை ராகத்துல சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், அப்புறம் கீதம், ஸ்வரஜதி, வர்ணம், புரந்தரதாசர் போட்ட பாதைன்னு சொல்லுவாங்களே அதேதான். டீச்சர் ஒரு வரி பாடுவாங்க, நாங்க திருப்பிப் பாடணும், சரியா வர்ற வரைக்கும் அடுத்த வரி கிடையாது. ஸ்வரத்த நோட்டுல எழுதிக்குவோம் ஆனா அதப் பாத்துப் பாடினா அவங்களுக்குப் பிடிக்காது, "நோட்ட மூடு, காதைத் திற"ன்னு சொல்லுவாங்க. வர்ணத்த ரெண்டு காலத்துல பாடுற அளவுக்கு வந்து, கொஞ்சம் கீர்த்தனைகளும் பாடம் ஆச்சு, அப்புறம் பிளஸ் டூ, காலேஜ், வேலை, கல்யாணம்.

கார்டிஃப்ல எங்க தெரு முழுக்க ஒட்டி ஒட்டி கட்டின வீடுங்க, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர், அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேக்கும். அதனால வாயத் திறந்து மேல் ஸ்தாயிக்குப் போக மனசே வராது, முனகுறதோட சரி. வருஷக்கணக்கா முனகியே பழகினா மூச்சு சுருங்கிப்போகும், குரலும் தொண்டையிலயே தங்கிடும், இது பாடுற எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தங்க நான் முனகுறதக் கேட்டுட்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க கொயருக்கு வாயேன்னு கூப்பிட்டாங்க. ஆடிஷன் கிடையாது, நோட்டேஷன், அதாவது எழுதி வச்ச இசைய, படிக்கத் தெரியணும்னு இல்ல, வந்து நின்னா போதும்னாங்க. இங்க இப்படி நிறைய கொயர் இருக்கு, பகல்ல பஸ் ஓட்டுறவங்க, நர்ஸுங்க, ரிட்டயர் ஆன வாத்தியாருங்க எல்லாரும் சாயங்காலம் வந்து பாடுறாங்க. காசுக்காக இல்ல, பேருக்காகவும் இல்ல.

எந்தக் குரல்ல நிக்கணும்னு கேட்டாங்க. கொயர்ல நாலு குரல், பெண்கள்ல மேல் குரல் சோப்ரானோ, கீழ் குரல் ஆல்டோ, ஆண்கள்ல மேல் குரல் டெனர், கீழ் குரல் பேஸ். எனக்கு சுருதி, அதாவது முதல் ஸ்வரமான ஸட்ஜமம் நிக்கிற உயரம், ஐந்தரை கட்டை, மேற்கத்திய கணக்குல ஜி ஷார்ப். நம்ம ஊர் பெண்கள் பெரும்பாலும் அஞ்சு, ஐந்தரையிலதான் பாடுறோம், கீழ மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ப), மேல தார பஞ்சமம் (மேல் ஸ்தாயி ப)னு வச்சுக்கிட்டா அது அப்படியே இங்க ஆல்டோ பாடுற எல்லைக்குள்ள வந்து உக்காந்துக்குது, கொஞ்சம் கீழயே போகும். கர்நாடக சங்கீதம் படிச்சிட்டு வர்ற பெண்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன், யோசிக்காம ஆல்டோல போய் நில்லுங்க. சோப்ரானோவுக்குதான் மெட்டு கிடைக்கும், உண்மைதான், ஆனா கத்துக்க ஆல்டோல இருக்குறது நிறைய.

ஏன்னு சொல்றேன். நமக்கு தம்புரா ஒண்ணுதான் ஆதாரம், ஸட்ஜமம் எங்க இருக்குன்னு பாட்டு முடியிற வரைக்கும் மாறாது, பஞ்சமம்னா கடைசி வரைக்கும் பஞ்சமம்தான். கொயர்ல ஆல்டோ பல சமயம் ஒரே ஸ்வரத்துல நாலு தாளத்தட்டு நிக்கும், கீழ பேஸ் மட்டும் நகர்ந்துக்கிட்டே இருக்கும். நான் ஜி பிடிச்சு நிக்கிறேன்னு வைங்க. பேஸ் சி பாடும்போது என் ஜி பஞ்சமம். அவங்க இ-க்குப் போய் கார்டு, அதாவது சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம், இ மைனர் ஆனதும் அதே ஜி சாதாரண காந்தாரமா, அதாவது தாழ்ந்த 'க'வா மாறிடுது. அப்புறம் ஜி மேஜர் வந்தா நானே ஸட்ஜமம். நான் துளிகூட அசையல, என் ஸ்வரத்தோட நிறம் மட்டும் மூணு தடவை மாறுது. முதல் தடவை இது காதுல விழுந்தப்போ எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துது, அதுக்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமைகூட விட மனசு வரல.

கமகம் இன்னொரு பெரிய விஷயம். நம்ம குரல் ஒரு ஸ்வரத்துல நிக்கும்போதே பக்கத்து ஸ்வரத்தத் தொட்டுட்டு வரும், அதான் நமக்கு உயிர். கொயர்ல பத்து பன்னிரண்டு ஆல்டோவும் ஒரே குரலா கேக்கணும், ஒருத்தர் அசைச்சாலும் கார்டு கலங்கிடும். நேரா நிக்கிற ஸ்வரத்துக்கு எவ்வளவு மூச்சு வேணும்னு அங்கதான் புரிஞ்சுது. இன்னொண்ணு, நீளமான வாக்கியத்துல எல்லாரும் ஒரே இடத்துல மூச்சு வாங்கக் கூடாது, பக்கத்துல நிக்கிறவங்க வாங்குறப்போ நாம தாங்கணும், நாம வாங்குறப்போ அவங்க தாங்குவாங்க, வெளிய கேக்குறவங்களுக்கு மூச்சே விடாத மாதிரி இருக்கும். யாருன்னே தெரியாதவங்க பக்கத்துல நின்னு அவங்க மூச்ச கவனிச்சுக் கவனிச்சுதான் எனக்கு இங்க சிநேகிதம் ஆரம்பிச்சுது, பேச்செல்லாம் அப்புறம் வந்ததுதான்.

எனக்கு இடது பக்கம் நிக்கிற அம்மாவுக்கு எண்பது வயசு இருக்கும். அவங்க கையில இருக்குற பிரதியில கோடு, புள்ளி எதுவும் இல்ல, வெறும் எழுத்து, டி ஆர் எம் எஃப் எஸ் எல் டி. என்னன்னு கேட்டேன், டானிக் சோல்ஃபான்னாங்க. நார்விச்ல சாரா குளோவர்ங்கிற டீச்சர் உண்டாக்கின முறை, அத ஜான் கர்வன்ங்கிற பாதிரியார் 1840கள்ல இருந்து சீர்பண்ணிப் பரப்பினாரு. 1860கள்ல வேல்ஸுக்கு வந்துச்சு. நிலக்கரிச் சுரங்கத்துலயும் ஸ்லேட் குவாரியிலயும் வேலை பாத்தவங்க பியானோ வாங்க வசதியில்லாம, சாப்பல்ங்கிற தேவாலயத்துச் சுவர்ல தொங்கவிட்ட ஒரு ஸ்வர அட்டவணைய குச்சியால காட்டிக் காட்டியே நாலு குரல்ல பாடக் கத்துக்கிட்டாங்க. அந்த அம்மாவும் ஞாயித்துக்கிழமை வகுப்புல அப்படித்தான் படிச்சாங்களாம்.

அதுல 'டோ' எந்தப் பாட்டுக்கு எங்க வேணும்னாலும் நகரும், நம்ம ஸட்ஜமம் கட்டைக்குத் தகுந்தபடி நகருற மாதிரியேதான். டோ ரே மீ வரிசைய அப்படியே பாடினா சங்கராபரண ராகம். மைனர் பாட்டுகள 'ல'வ ஆதாரமா வச்சு எழுதுவாங்க, அதாவது சங்கராபரணத்துல தைவதத்த ஸட்ஜமமா மாத்தி நடபைரவி ராகம் எடுக்குற கிரகபேதம்! அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அடுத்த வாரத்துல இருந்து என் பிரதியில ஆல்டோ வரிக்கு மேல பென்சில்ல ஸ ரி க ம எழுத ஆரம்பிச்சேன், அந்த அம்மா எட்டிப் பாத்து விரல் வச்சு ஒவ்வொண்ணா தன்னோட எழுத்தோட ஒத்துப் பாத்தாங்க. ஸ்டாஃப் நோட்டேஷன் அப்புறம் மெதுவா வந்துடுச்சு, ஆனா இன்னைக்கும் கஷ்டமான இடத்துல ஸ்வரம் எழுதித்தான் பாடுறேன். கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்க நோட்டேஷனுக்குப் பயந்து கொயர் பக்கம் போகாம இருக்கவே வேண்டாம்.

மறக்க முடியாத பாட்டு அனுபவம்னா முதல்ல சொல்ல வேண்டியது கமன்வா கானி. வேல்ஸ்ல சாப்பல்கள் சேந்து நடத்துற பாட்டுத் திருவிழா, 1859ல அபர்டேர்ல ஜான் ராபர்ட்ஸ்ங்கிறவர் நடத்தினத வச்சுதான் இதோட வரலாறு சொல்றாங்க. மேடையில யாரும் பாடமாட்டாங்க, வந்தவங்க எல்லாரும் பாடுவாங்க, சோப்ரானோ ஒரு பக்கம், ஆல்டோ ஒரு பக்கம், டெனர், பேஸ்னு குரல்வாரியா பெஞ்சுல உக்காருவாங்க. சாப்பல்ல மூணு பக்கமும் மாடி, அங்கயும் ஆளுங்க. முதல் வரியிலயே பெஞ்சு அதிருது. நல்லா வந்த கடைசிச் சரணத்த நடத்துறவர் திரும்பப் பாடச் சொல்லுவாரு, மறுபடியும் சொல்லுவாரு, ஒவ்வொரு தடவையும் இன்னும் பெருசா எழும்பும். எனக்கு உடனே திருவையாறு ஞாபகம்தான் வந்துச்சு, தியாகராஜர் ஆராதனையில பஞ்சரத்னம் எல்லாரும் சேந்து பாடுவோமே அந்த மாதிரி. அங்க அத்தனை பேரும் ஒரே வரிக்குள்ள கரையுறோம், இங்க நாலு வரியும் தனித்தனியா நின்னே ஒண்ணாகுது. எது உசத்தின்னு கேட்டா என்னால சொல்ல முடியாது, ரெண்டும் கிடைச்சவ நான், அவ்வளவுதான்.

அடுத்தது ரக்பி மேட்ச். பொண்டிப்ரித்ல இவான் ஜேம்ஸ், ஜேம்ஸ் ஜேம்ஸ்னு அப்பாவும் மகனும் 1856ல உண்டாக்கின பாட்டுதான் இன்னைக்கு வேல்ஸோட தேசியகீதம், அப்பா வரி, மகன் மெட்டு. 1905ல நியூசிலாந்து டீம் கார்டிஃப்ல ஹக்காங்கிற மாவோரி நடனம் ஆடினப்போ பதிலுக்கு வேல்ஸ் ஆட்டக்காரங்க இதப் பாடினாங்க, கூட்டமும் சேந்துக்கிச்சு, மேட்ச்சும் 3-0ன்னு ஜெயிச்சாங்க. இந்தக் கதைய கொயர்ல யாரக் கேட்டாலும் நேத்து நடந்த மாதிரி சொல்லுவாங்க. வெல்ஷ் எழுதுற மாதிரியே படிக்கிற மொழி, அதனால "ஹென் வ்லாட் வ ந்ஹாடை"னு தமிழ் எழுத்துல எழுதி வச்சு முழுசா மனப்பாடம் பண்ணியிருந்தேன். டவுன் நடுவுல இருக்குற ஸ்டேடியத்துல 70,000 பேருக்கு மேல, கூரைய வேற மூடியிருந்தாங்க. பல்லவிக்கு வந்தப்போ நான் ஆல்டோ வரிய எடுத்தேன், எனக்குப் பின்னாடி வரிசையில முன்னப்பின்ன தெரியாத ஒரு பெரியவர் அதக் கேட்டதும் டெனருக்கு மாறினாரு. பாட்டு முடிஞ்சு அவர் என் தோளத் தட்டினாரு. குடியுரிமை பேப்பர் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு, ஆனா என் கணக்குல நான் இந்த ஊர்க்காரி ஆனது அந்த நிமிஷம்.

2020ல எல்லாம் நின்னுபோச்சு. அந்த மார்ச்ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு கொயர் பிராக்டிஸுக்கு வந்த 61 பேர்ல 53 பேருக்கு கொரோனா வந்து ரெண்டு பேர் இறந்துட்டாங்க, அதோட சேந்து பாடுறதுன்னாலே எல்லா ஊர்லயும் பயம். ஜூம்ல பாடிப் பாத்தோம். சத்தம் போய்ச் சேர ஆகுற அந்தச் சின்னத் தாமதமே போதும், நாலு குரலும் நாலு இடத்துல விழும், அதனால எல்லாரும் மியூட் போட்டுட்டு பியானோவ மட்டும் கேட்டுக்கிட்டு தனித்தனியா பாடணும். அந்தத் தனிமை எனக்குத் தாங்கல. அப்பதான் ஊர்ல இருக்குற பழைய பாட்டு டீச்சர்கிட்ட ஆன்லைன்ல மறுபடி சேந்தேன். ஆச்சரியம் என்னன்னா நம்ம முறைக்கு அந்தத் தாமதம் ஒண்ணுமே பண்ணல, டீச்சர் ஒரு வரி பாடி முடிப்பாங்க, நான் கேட்டுட்டுத் திருப்பிப் பாடுவேன், சேந்து பாட வேண்டிய அவசியமே இல்ல. கொயர உடைச்ச அதே ஜூம் என் பாட்டு வகுப்ப திருப்பிக் கொடுத்துச்சு. நின்ன இடத்துல இருந்து கீர்த்தனைகள் தொடர்ந்துச்சு, இப்ப வரைக்கும் வாரா வாரம் நடக்குது. கொயர்ல நீள மூச்சு பழகினதால விளம்ப காலத்துல (மெதுவான வேகத்துல) குரல் தங்குதுன்னு டீச்சரே சொன்னாங்க.

கொயர் திரும்ப ஒண்ணா கூடினதும் கொயர் மாஸ்டர், ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மொழியில ஒரு பாட்டு கொண்டு வாங்கன்னாரு. நான் முத்துசுவாமி தீட்சிதரோட நோட்டு ஸ்வரத்த எடுத்தேன். அவர் காலத்துல சென்னையில இங்கிலீஷ் பேண்டு வாசிச்ச மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டுருக்காரு, கிட்டத்தட்ட நாப்பது இருக்கு, எல்லாம் சங்கராபரண ஸ்வரத்துல நேரா நடக்கும், கமகமே கிடையாது. "சியாமளே மீனாக்ஷி"ய நான் ரெண்டு அடி பாடின உடனே ரூம்ல இருந்த எல்லார் முகமும் மலர்ந்துருச்சு, ஏன்னா அது அவங்க குழந்தையில பாடின ட்விங்கிள் ட்விங்கிள் மெட்டு. 1835ல மறைஞ்ச ஒருத்தர் எங்க ரெண்டு பக்கத்தையும் இப்படி சேத்து வைப்பாருன்னு யார் நினைச்சாங்க! நாலு குரலுக்கு எழுதி சாப்பல்ல பாடினோம், ளகரத்துக்கு நாக்க மடக்குறத நான் சொல்லிக் கொடுத்தேன், வெல்ஷ்ல வர்ற இரட்டை எல்லுக்கு (ll) நாக்கோரமா காத்து விடுறத அவங்க எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. சோல்ஃபா அம்மா மட்டும் அவங்களே எழுதின எழுத்துப் பிரதிய வச்சுதான் பாடினாங்க.

இப்ப கோடைக்கு மோகன ராகத்துல ஒண்ணு பண்ணலாம்னு இருக்கோம். தோடி மாதிரி கமகத்துலயே வாழுற ராகத்த நாலு குரலுக்குள்ள அடைக்கிறத நான் ஒத்துக்கமாட்டேன், மோகனம் தாங்கும். ஆனா அதுலயும் ஒரு சிக்கல், அவங்க முறைப்படி முடிவுக்கு வர்ற கார்டுல நிஷாதம் (நி) வேணும், மோகனத்துல நிஷாதமே கிடையாது. டெனர்ல ஒரே ஒரு இடத்துல வச்சுக்கலாமேன்னு மாஸ்டர் கேக்குறாரு, ஒரு தடவை வந்தாலும் ராகம் போயிடும்னு நான் சொல்றேன். பேஸ் முழுக்க ஸ-ப பிடிச்சு தம்புரா மாதிரி நிக்கட்டும், மேல மூணு குரல் மட்டும் நகரட்டும்னு எழுதிக் கொடுத்துருக்கேன். பேஸ்ல நிக்கிறவங்க பாட்டு முழுக்க ரெண்டே ஸ்வரமான்னு கேக்குறாங்க, வர்ற செவ்வாய்க்கிழமை பாடிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு விட்டுருக்கோம்.