எங்க கடை பில்டிங்குக்கு மெயின்டனன்ஸ் பட்ஜெட் போட்ட கதை

மாமாவுக்கு உடம்பு முடியாம போனதும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கத்துல இருக்கற அவரோட பில்டிங் என் தலைக்கு வந்துச்சு. கிரவுண்டு பிளஸ் மூணு, 14 கடை, 9,200 சதுர அடி. கடைக்காரங்க கிட்ட வாங்கற மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபா, மாசம் 36,800. அது பத்தவே பத்தாது, மிச்சத்த மாமா கைக்காசு போட்டுட்டு இருந்திருக்காரு.

மொதல்ல போன வருஷ செலவ கூட்டி மேல 10 பர்சன்ட் போட்டேன். அது தப்பு. வாட்ச்மேன் சம்பளம், கூட்டறவங்க சம்பளம், பொது ஈபி பில்லு இதெல்லாம் கண்ணு முன்னாடி இருக்கும், ஆனா லிஃப்ட் ஏ.எம்.சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்), ஃபயர் சிலிண்டர் ரீஃபில் எல்லாம் வருஷத்துல ஒரு நாள் மொத்தமா வந்து நிக்கும், ஜெனரேட்டர் பேட்டரி, லிஃப்ட் ரோப்பு, பெயின்ட் மாதிரி சிலது பல வருஷத்துக்கு ஒருதடவ தான் வரும், அதுனால போன வருஷ பில்லுல அது இருக்கவே இருக்காது. கடல் காத்துக்கு இங்க கிரில்லு, ஏசி ஸ்டாண்டு எல்லாம் சீக்கிரமே துரு ஏறிடுது, அதையும் சேத்துக்கணும்.

ஈபி பில்ல உக்காந்து படிச்சப்ப தான் ஒண்ணு புரிஞ்சுது. கமர்ஷியல் கனெக்ஷன்ல கரண்ட் எரிச்சாலும் எரிக்கலனாலும் சாங்ஷன் லோடுக்கு, அதாவது இவ்ளோ கரண்ட் வேணும்னு நாம எழுதி வாங்கியிருக்கற அளவுக்கு, கிலோவாட் கணக்குல ஃபிக்ஸட் சார்ஜ் உண்டு. எப்பவோ கழட்டுன பெரிய மோட்டாருக்காக வாங்குன லோடுக்கு இன்னும் காசு கட்டிட்டு இருக்கோம்! லோட கொறைக்க உடனே எழுதி குடுத்தேன்.

கடைக்காரங்கள ஒத்துக்க வைக்கறது தான் பெரும்பாடு. எல்லாத்தையும் சேத்து பாத்து சதுர அடிக்கு 4 ரூபாய 6 ஆக்கணும்னதும் கீழ் கடை பாய், "எனக்கு லிஃப்ட்டே வேணாம் தம்பி, நான் எதுக்கு குடுக்கணும்"னாரு. நியாயமான கேள்வி தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைல வெள்ளம் உள்ள வந்து தண்ணி மோட்டாரோட சுவிட்ச் பேனல் போச்சே, அந்த பில்ல எடுத்து அவர் கைல குடுத்தேன். பேனல் கீழயே இருந்துச்சு, அன்னைக்கு அவசரத்துக்குன்னு ஒதுக்கி வச்ச ரிசர்வ் காசும் கைல இல்ல, நாலு நாள் எல்லா கடைக்கும் தண்ணி இல்ல. படிச்சு பாத்துட்டு, சரின்னுட்டாரு. லிஃப்ட் செலவ மட்டும் மேல் மாடி கடைங்களுக்கு தனியா பிரிச்சோம், அதுல பாய்க்கு கொஞ்சம் கொறைஞ்சுது, மேல இருக்கறவங்களுக்கு ஏறுச்சு, மொத்தம் ஆவரேஜா 6 தான்.

இப்ப மாசம் 55,200 வருது, அதுல 7,000 ரிசர்வா தனி அக்கவுன்ட்ல போயிடும், இந்த மாதிரி பெரிய வேலைக்கு தவிர அத யாரும் தொடக்கூடாதுன்னு பேசியிருக்கோம். அதுல மொத செலவா பேனல செவுத்துல நாலடி உயரத்துக்கு ஏத்திட்டோம்.

சொத்து வரிய இதுல சேக்கல, அது ஓனர் கட்டறது. ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் மாமா தனியா எடுத்து வச்சிடறாரு.